தேநீர் அறைக்குத் தோட்டம் வழியாகப் போவது எப்படி? நிட்டோபே தோட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு ஜப்பானியத் தோட்டம் இருக்கிறது. பெயர் நிட்டோபே நினைவுத் தோட்டம். பரப்பு சுமார் இரண்டரை ஏக்கர். நடுவில் குளம், அதைச் சுற்றி நடைபாதை, பாலங்கள், கல்விளக்குகள், ஒரு பக்கமாக ஒதுங்கி இச்சிபோ-ஆன் என்ற தேநீர் இல்லம். வருகிறவர்கள் பலரும் குளத்தை ஒரு சுற்று சுற்றி, பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தேநீர் இல்லத்தை வேலிக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பதோடு சரி.

எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது. ஜப்பானியத் தேநீர்த் தோட்டம் வேடிக்கை பார்ப்பதற்காக அமைக்கப்பட்டதல்ல, தேநீர் குடிக்கப் போகிற ஒரு விருந்தினர் நடந்து போவதற்காக அமைக்கப்பட்டது. எந்தக் கல் எங்கே இருக்கிறது, கதவு ஏன் அவ்வளவு சின்னது, தண்ணீர்த்தொட்டி ஏன் முழங்கால் உயரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அந்த விருந்தினரின் காலையும் கையையும் கண்ணையும் நினைத்து முடிவானவை. ஆகவே, நடந்து பார்த்தால்தான் தோட்டம் புரியும். இந்த வழிகாட்டி உங்களை ஒரு விருந்தினராக நினைத்து எழுதப்பட்டது.

போவதற்கு முன்: இந்தத் தோட்டம் ஏன் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது?

நிட்டோபே இனாசோ 1862-இல் மொரியோக்காவில் பிறந்தவர். சப்போரோ வேளாண் கல்லூரியில் படித்தார், பிறகு அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் மேற்படிப்பு. அடிப்படையில் அவர் ஆசிரியர். 1918-இல் தோக்கியோ பெண்கள் கிறித்தவப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். 1920 முதல் 1926 வரை சர்வதேச சங்கத்தின் (ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான அமைப்பு) துணைப் பொதுச்செயலராக ஜெனீவாவில் இருந்தார். பசிபிக் பெருங்கடலின் இரு கரைகளுக்கும் பாலமாக இருக்க வேண்டும் என்பது அவர் இளமையிலேயே சொல்லிவந்த ஆசை. 1933-இல் கனடாவில் நடந்த ஒரு மாநாட்டுக்கு வந்தவர், நோய்வாய்ப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் விக்டோரியா நகரத்தில் இறந்துபோனார். 1984-இல் வெளியான 5,000 யென் தாளில் இருப்பது இவர் முகம்தான்.

சிபா பல்கலைக்கழகப் பேராசிரியர் மோரி கன்னோசுக்கே வடிவமைத்த இந்தத் தோட்டம் 1960-இல் திறக்கப்பட்டது. அந்த ஆண்டை இன்னொரு ஆண்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1942-இல் கனடா அரசு, மேற்குக் கரையோரம் வாழ்ந்த 20,000-க்கும் மேற்பட்ட ஜப்பானியக் கனடியர்களை வீடுகளிலிருந்து வெளியேற்றியது. இதே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 76 மாணவர்களின் படிப்பும் அதில் பறிபோனது. அவர்கள் கரைக்குத் திரும்ப 1949 வரை அனுமதி இல்லை. பல்கலைக்கழகம் அந்த மாணவர்களுக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது 2012-இல்தான். அதற்குள் பலர் உயிரோடு இல்லை. வெளியேற்றம் நடந்து 18 ஆண்டுகளில் அதே வளாகத்தில் ஒரு ஜப்பானியத் தோட்டம் எழுந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது. ‘பாலம்’ என்ற பேச்சுக்கு இங்கே கனம் அதிகம்.

எப்போது, எப்படிப் போவது

ஏப்ரலில் செர்ரிப் பூக்கள், ஜூனில் குளக்கரையில் ஐரிஸ், அக்டோபர் பிற்பாதியில் மேப்பிள் இலைகள் சிவப்பது என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒன்று உண்டு. என்னைக் கேட்டால், மழை பெய்து ஓய்ந்த ஒரு வார நாள் காலையைச் சொல்வேன். பாசியின் பச்சை அப்போதுதான் முழுதாகத் தெரியும், கூட்டமும் இருக்காது. குளிர்காலத்தில் திறந்திருக்கும் நேரம் குறைவு. பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நகரத்திலிருந்து 99 பி-லைன் பேருந்து வளாகத்துக்கே வரும். இறங்கி, மானிடவியல் அருங்காட்சியகம் இருக்கும் திசையில் நடந்தால் தோட்டம் வரும். பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்கா இங்கிருந்து தள்ளி, வளாகத்தின் தெற்குப் பக்கம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து அங்கே போய் இறங்கிவிடாதீர்கள்.

தேநீர் இல்லம் எல்லா நாளும் திறந்திருக்காது. கோடை மாதங்களில், பயிற்சி பெற்றவர்கள் விருந்தோம்பும் தேநீர் நிகழ்ச்சிகளுக்குத் திறப்பார்கள். இடம் மிகக் குறைவு என்பதால் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. பதிவு செய்யும்போதே இரண்டு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். ஒன்று, தரையில் மண்டியிட்டு உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி உண்டா என்பது. இரண்டு, இனிப்பில் என்ன சேர்க்கிறார்கள் என்பது. பெரும்பாலான தேநீர் இனிப்புகள் பயறு விழுது, சர்க்கரை, அரிசி மாவு, கடற்பாசி ஆகியவற்றால் ஆனவை, சைவம்தான். சிலவற்றில் முட்டை இருக்கும். சாப்பாட்டோடு கூடிய முழு விருந்தாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஜப்பானியச் சாறுகளில் பெரும்பாலும் காய்ந்த மீன் இருக்கும். அன்றைக்குப் போய் மறுப்பதைவிட முன்னாலேயே சொல்வதுதான் மரியாதை.

படி 1: உடம்பிலிருந்து சிலவற்றைக் கழற்றுங்கள்

கைக்கடிகாரம், மோதிரம், வளையல் வேண்டாம். தேநீர்க் கிண்ணம் கையால் செய்தது, சில வேளைகளில் பல தலைமுறை பழையது. உலோகம் பட்டால் கீறிவிடும். வாசனைத் திரவியமும் மல்லிகையும்கூட அன்று வேண்டாம், அறைக்குள் மெல்லிய தூப வாசனையும் தேநீரின் மணமும் மட்டும்தான் இருக்க வேண்டும். சுத்தமான வெள்ளைக் காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். வந்த காலுறையை மாற்றிக்கொண்டு பாய்மேல் ஏறுவது வழக்கம். முழங்காலை மூடும் தளர்வான உடை நல்லது. இறுக்கமான ஜீன்ஸோடு மண்டியிட்டுப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

படி 2: முதலில் குளத்தைச் சுற்றி வாருங்கள்

இந்த இடத்தில் இரண்டு வகைத் தோட்டங்கள் சேர்ந்திருக்கின்றன. பெரியது உலாத் தோட்டம். நடக்க நடக்கக் காட்சி மாறிக்கொண்டே வரும்படி அமைப்பது அதன் இலக்கணம். ஓர் இடத்தில் நின்று முழுவதையும் பார்த்துவிட முடியாது. திருப்பத்தில் ஒரு மரம் மறைக்கும், நாலடி தள்ளி அதே மரம் அருவியைத் திறந்து காட்டும். இதை வேகமாக நடந்தால் எதுவும் கிடைக்காது. திருப்பங்களில் நில்லுங்கள், வந்த வழியைத் திரும்பியும் பாருங்கள். வளைந்த மரப்பாலத்தின் உச்சியில் உங்கள் நடை தானாக மெதுவாகும், வளைவு இருப்பதே அதற்காகத்தான். படம் எடுப்பதையெல்லாம் இங்கேயே முடித்துக்கொண்டு, கைபேசியை அணைத்துப் பையில் வைத்துவிடுங்கள்.

படி 3: தேநீர்த் தோட்டத்துக்குள்

இரண்டாவது வகை, தேநீர் இல்லத்தை ஒட்டிய சின்னத் தோட்டம். ரோஜி என்பார்கள். குளத்துப் பக்கம் இருந்த அழகு இங்கே வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் பசுமை மாறாச் செடிகள், பாசி, கல். கண்ணைப் பறிக்கும் பூவோ, மணம் வீசும் பூவோ வைப்பதில்லை. காரணம் எளிது: பூ அறைக்குள் இருக்கிறது. வெளியே நூறு பூ பார்த்துவிட்டு வருகிறவருக்கு உள்ளே இருக்கும் ஒற்றைப் பூ எப்படித் தெரியும்?

தேநீர்க் கலையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் சென் நோ ரிக்யூ (1522–1591). அவர் வீட்டுத் தோட்டத்தில் நிறைய காலைப்பூக்கள் பூத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஆட்சியாளர் ஹிதேயோஷி பார்க்க வந்தாராம். தோட்டத்தில் ஒரு பூவும் இல்லை. கோபத்தோடு அறைக்குள் நுழைந்தால், எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ஒரே ஒரு பூவை மட்டும் ரிக்யூ வைத்திருந்தாராம். கதையாகவே சொல்லப்படுகிறது, ஆனாலும் ரோஜியின் விதி முழுவதும் அதில் இருக்கிறது.

இங்கே ஒரு காத்திருப்பு மேடை இருக்கும். கூரை போட்ட சாதாரண பெஞ்சுதான். விருந்தினர்கள் அங்கே சேர்ந்து உட்கார வேண்டும். யார் முதல் விருந்தினர், யார் கடைசி என்பது முன்பே முடிவாகியிருக்கும். முதல்வர் எல்லோர் சார்பிலும் விருந்தோம்புபவரிடம் பேசுபவர். கடைசி ஆளுக்கும் வேலை உண்டு, பாத்திரங்களைத் திருப்பிக் கொடுப்பது, கதவை மூடுவது. முதல் தடவை போகிறவர்கள் இந்த இரண்டு இடத்தையும் தவிர்த்து நடுவில் உட்காருங்கள். முன்னால் இருப்பவரைப் பார்த்து அப்படியே செய்தால் போதும்.

காத்திருக்கும்போது தரையைக் கவனியுங்கள். கல்லும் செடியும் நனைந்திருக்கும். நம் ஊரில் காலையில் வாசல் தெளிப்பது போலத்தான், விருந்தினர் வருமுன் நீர் தெளித்து வைப்பார்கள். முழு விருந்தில் இது மூன்று தடவை நடக்கும்: வருமுன், நடு இடைவேளைக்கு முன், கிளம்புமுன். தரை ஈரமாக இருந்தால் ‘தயார், வரலாம்’ என்று பொருள்.

கொஞ்ச நேரத்தில் விருந்தோம்புபவர் உள்வாசல் வரை வந்து, பேசாமல் குனிந்து வணங்குவார். நீங்களும் எழுந்து பேசாமல் வணங்குங்கள். ‘வணக்கம், எப்படி இருக்கிறீர்கள்’ எல்லாம் அறைக்குள் போன பிறகு. அவர் திரும்பிப் போனதும், சற்று விட்டு ஒவ்வொருவராக நடக்க வேண்டும்.

படி 4: கல்லில் கால் வைப்பது

பாசியை மிதிக்காமல் போவதற்காகத் தனித்தனிக் கற்கள் பதித்திருப்பார்கள். ஒரு காலுக்கு ஒரு கல். கல்லெல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருக்காது, இடைவெளியும் நம் வழக்கமான எட்டைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அதனால் கீழே பார்த்துத்தான் நடக்க முடியும். பெரிய கல் ஒன்று வந்தால் இரண்டு காலையும் வைத்து நில்லுங்கள், நிமிர்ந்து பாருங்கள். தோட்டக்காரர் நீங்கள் பார்க்க வேண்டும் என்று நினைத்தது அந்த இடத்திலிருந்துதான் தெரியும்.

கற்களைப் பற்றி ஒரு பழைய கருத்து வேறுபாடு உண்டு. நடப்பதற்கு ஆறு பங்கு, அழகுக்கு நாலு பங்கு என்று கல் பதிக்க வேண்டும் என்பது ரிக்யூவின் கணக்கு. அவருடைய சீடர் ஃபுருத்தா ஓரிபே அதைத் தலைகீழாக்கினார்: அழகுக்கு ஆறு, நடைக்கு நாலு. நான் ரிக்யூ பக்கம். வயதானவர்கள் மழை ஈரத்தில் நடந்துபோக வேண்டிய வழியில் கால்தான் முதலில். ஆனால் ஓரிபேயின் பெயர் ஒரு கல்விளக்கில் நிலைத்துவிட்டது. பீடம் இல்லாமல், தண்டை நேராக மண்ணில் புதைத்து நிறுத்தும் விளக்கு அது. கோயில்களில் இருந்த கல்விளக்கைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்ததே தேநீர்க்காரர்கள்தான். இரவிலும் விடியுமுன்பும் நடக்கும் தேநீருக்குப் பாதையில் வெளிச்சம் வேண்டுமே.

பாதை பிரியும் இடத்தில், கைப்பிடி அளவுள்ள ஒரு கல்லைக் கருப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, நடைக்கல்லின்மேல் வைத்திருந்தால் அந்த வழி மூடப்பட்டிருக்கிறது என்று பொருள். பெயர் செக்கிமோரி-இஷி. அழகாக இருக்கிறதே என்று கையில் எடுத்துப் பார்க்காதீர்கள். பலகையோ சங்கிலியோ இல்லாமல் ‘இந்தப் பக்கம் வேண்டாம்’ என்று சொல்ல இதைவிடப் பண்பான வழி எனக்குத் தெரியாது.

படி 5: தண்ணீர்த்தொட்டியில் குனிவது

தேநீர்த் தோட்டத்தின் நடு உயிர் என்று நான் நினைப்பது இந்த இடத்தை. பெயர் ட்சுகுபாய். தாழ்வான கல்தொட்டி, அதற்கு முன்னால் நிற்க ஒரு தட்டைக்கல், இரு பக்கமும் இரண்டு கற்கள். பக்கக் கற்களில் ஒன்று இரவுத் தேநீரில் மெழுகுவர்த்தித் தண்டை வைக்க, மற்றது குளிர்காலத்தில் வெந்நீர் வாளியை வைக்க. எது இடம், எது வலம் என்பது தேநீர் மரபுக்கு மரபு மாறும். நடுவில் கூழாங்கல் பரப்பிய பள்ளம், சிந்தும் நீர் அங்கே வடியும்.

செய்ய வேண்டியது இது. முன்கல்லில் ஏறிக் குந்துங்கள். வலக்கையால் மூங்கில் அகப்பையை எடுத்து நிறைய நீர் மொள்ளுங்கள். அந்த ஒரு மொள்ளலே எல்லாவற்றுக்கும் போதும். கொஞ்சம் இடக்கையில் ஊற்றிக் கழுவி, அகப்பையை இடக்கைக்கு மாற்றி வலக்கையைக் கழுவுங்கள். மறுபடி வலக்கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையில் நீர் ஊற்றி வாய் கொப்பளியுங்கள். அகப்பையில் வாயை வைக்கக் கூடாது. கடைசியாக அகப்பையை நிமிர்த்திப் பிடித்தால், மிச்ச நீர் கைப்பிடி வழியாக ஓடி அதையும் கழுவிவிடும். அடுத்தவருக்குச் சுத்தமான பிடியைக் கொடுக்கிறீர்கள். பிறகு முன்பு இருந்தபடியே கவிழ்த்து வையுங்கள். கைக்குட்டையை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது உதவும்.

தொட்டியை உயரமாக வைத்திருந்தால் வேலை சுலபம்தான். தாழ்வாக வைத்தது, யாராக இருந்தாலும் குனிய வேண்டும் என்பதற்காக. ரிக்யூவைப் பற்றி இன்னொரு கதை: சாக்காய் என்ற கடலோர நகரத்தில், கடலைப் பார்த்த ஓர் இடத்தில் தோட்டம் போட்டவர், கடலை முழுவதும் வேலிச்செடியால் மறைத்துவிட்டாராம். விருந்தினர்களுக்கு ஏமாற்றம். தொட்டியில் நீர் மொள்ளக் குனிந்தபோது மட்டும், இலைகளின் இடுக்கில் கடல் துண்டாகத் தெரிந்ததாம். கையில் தண்ணீர், கண்ணில் தண்ணீர்ப் பரப்பு. நிட்டோபேயில் நீங்கள் குனியும்போதும் எதிரே என்ன தெரிகிறது என்று ஒரு நொடி பாருங்கள்.

படி 6: சிறுவாசல்

மரபான தேநீர் அறையின் விருந்தினர் வாசல் ஏறக்குறைய 66 செ.மீ. உயரம், 63 செ.மீ. அகலம். நிஜிரிகுச்சி என்பார்கள். வாளோடு உள்ளே நுழைய முடியாது, ஆகவே சாமுராய்கள் வெளியே அதற்கென்றுள்ள தட்டில் வாளை வைத்துவிட்டு, தலையைத் தாழ்த்தி, வணிகர் நுழைந்த அதே துளை வழியாக நுழைந்தார்கள். மக்களைப் பிரபு, வீரர், வியாபாரி என்று அடுக்கி வைத்திருந்த ஒரு நாட்டில் 16-ஆம் நூற்றாண்டில் இதைச் செய்தார்கள் என்பதை யோசியுங்கள்.

நுழையும் முறை: வாசலுக்கு முன்னுள்ள கல்லில் குந்தி, கதவைத் தள்ளி, இரு கைகளையும் உள்ளே ஊன்றுங்கள். முதலில் தலையை நீட்டி அறையைப் பாருங்கள், பிறகு முழங்காலால் நகர்ந்து ஏறுங்கள். உள்ளே போனதும் திரும்பி, செருப்பை ஜோடியாகச் சேர்த்துச் சுவரோரம் சாய்த்து வையுங்கள். பின்னால் வருகிறவருக்குக் கல் காலியாக வேண்டும். கடைசி விருந்தினர் கதவை மூடும்போது ‘டக்’ என்று சிறு சத்தம் வரும்படி மூட வேண்டும். பக்கத்து அறையில் காத்திருக்கும் விருந்தோம்புபவருக்கு அதுதான் அறிவிப்பு. மற்ற எல்லாம் சத்தமில்லாமல் நடக்கிற இடத்தில் இந்த ஒரு சத்தம் மட்டும் விதியாகவே இருக்கிறது.

எல்லா நிகழ்ச்சியிலும் சிறுவாசலைப் பயன்படுத்த மாட்டார்கள். முட்டிவலி உள்ளவர்களுக்கு வேறு வாசல் காட்டுவார்கள், தயங்காமல் கேளுங்கள்.

படி 7: அறைக்குள்

பாய்களின் ஓரத்துணியை மிதிக்காமல் நடங்கள். நேராகச் சுவரில் உள்ள மாடத்துக்குப் போய் மண்டியிட்டு, தொங்கும் எழுத்துச்சுருளை வணங்கிப் பாருங்கள், அங்கே இருக்கும் பூவையும். அன்றைய தேநீர் எதை நினைத்து நடக்கிறது என்பதை அந்த எழுத்து சொல்லும். படிக்கத் தெரியாவிட்டால் பிறகு கேளுங்கள், கேட்பதை விரும்புவார்கள். அடுத்து கெண்டியையும் அடுப்பையும் பாருங்கள். மே முதல் அக்டோபர் வரை அடுப்பு பாயின்மேல் தனியாக நிற்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை, தரையில் வெட்டிய 42 செ.மீ. சதுரக் குழிக்குள் இருக்கும், குளிரில் நெருப்பு விருந்தினருக்கு அருகில் வரட்டும் என்று.

இனிப்பு முதலில் வரும், தேநீருக்கு முன்பே முழுதாகச் சாப்பிட்டுவிட வேண்டும். மச்சா என்ற பச்சைத் தேயிலைத் தூள் கசக்கும், நாக்கில் இனிப்பு ஒட்டியிருந்தால்தான் அந்தக் கசப்பு நிறைவாக இருக்கும். பாலும் சர்க்கரையும் கேட்காதீர்கள்.

கிண்ணம் வந்ததும் பக்கத்தில் இருப்பவருக்கு, ‘உங்களுக்கு முன்னால் குடிக்கிறேன்’ என்று ஒரு தலைவணக்கம். விருந்தோம்புபவருக்கு ஒன்று. வலக்கையால் எடுத்து இடது உள்ளங்கையில் வைத்து, கொஞ்சம் உயர்த்தி நன்றி சொல்லி, கடிகாரச் சுற்றில் இரண்டு தடவை சற்றே திருப்புங்கள். கிண்ணத்தின் அழகான முகத்தை உங்கள் பக்கம் வைத்துத் தந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் வாயை வைக்கக் கூடாது என்பதற்காகத் திருப்புவது. மூன்று நாலு மடக்கில் குடியுங்கள். கடைசி மடக்கை உறிஞ்சும் சத்தத்தோடு முடிக்கலாம், முடித்துவிட்டேன் என்பதற்கு அதுவே அறிகுறி. வாய்பட்ட விளிம்பை விரலால் துடைத்து, விரலைத் தாளில் துடையுங்கள். கிண்ணத்தை முன்பு இருந்தபடியே திருப்பி, பாயில் வைத்து, முழங்கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து பாருங்கள். உயரே தூக்கிப் பார்ப்பது ஆபத்து, கை தவறினாலும் பாயில்தான் உருள வேண்டும்.

கால் மரத்துப்போனால் சொல்லிவிட்டு மாற்றி உட்காருங்கள். சம்மணம் நமக்குப் பழக்கம்தான், மண்டியிட்ட இருப்பு அப்படியல்ல. எழுந்திருக்கும்போது கால் உணர்வு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு எழுங்கள்.

வளாகங்களில் நடப்பது பெரும்பாலும் மேலே சொன்ன இந்த இளந்தேநீர் (நீர்த்த தேநீர்) மட்டும், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முழு விருந்து நாலு மணி நேரம். அதில் சாப்பாட்டுக்குப் பிறகு விருந்தினர்கள் மறுபடி தோட்டத்துக்கு வந்து பெஞ்சில் உட்காருவார்கள். அதற்குள் எழுத்துச்சுருளை எடுத்துவிட்டுப் பூவை வைப்பார்கள், சேகண்டி ஒலித்ததும் திரும்பிப் போய்க் குழம்பு போன்ற கெட்டித்தேநீரைக் குடிப்பார்கள். தோட்டம் தேநீரின் ஒரு பகுதி என்பது அந்த இடைவேளையில் நன்றாகத் தெரியும்.

படி 8: வெளியே வந்த பிறகு

கடைசியாக மாடத்தையும் அடுப்பையும் ஒருமுறை பார்த்து வணங்கிவிட்டு, வந்த வாசல் வழியாகவே வெளியேறுங்கள். விருந்தோம்புபவர் வாசலைத் திறந்து வணங்கினால் திரும்பி நின்று வணங்குங்கள், அப்போதும் பேச்சு இல்லை. மறுநாள் ஒரு நன்றிக் குறிப்பு அனுப்புவது முறை, மின்னஞ்சல் போதும்.

இதைக் கற்றுக்கொள்ள ஆசை வந்தால், பள்ளியும் கல்லூரியும் இதற்குப் புதிய இடங்கள் அல்ல. அத்தோமி காக்கெய் 1875-இல் தோக்கியோவில் தொடங்கிய பெண்கள் பள்ளியிலேயே தேநீர் ஒரு பாடமாக இருந்தது. இன்றும் ஜப்பானில் பல உயர்நிலைப் பள்ளிகளில் தேநீர்க் குழு உண்டு. வான்கூவர் தொலைவு என்றால், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1998-இல் திறந்த ஜப்பான் இல்லத்தில் தேநீர் அறைகளும் தேநீர்த் தோட்டமும் இருக்கின்றன. மின்னசோட்டாவின் கார்ல்டன் கல்லூரியில் 1976 முதலும், லாங் பீச்சிலுள்ள கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1981 முதலும் ஜப்பானியத் தோட்டங்கள் இருக்கின்றன. வகுப்பில் சேர்ந்தவுடனே தேநீர் கலக்க விட மாட்டார்கள். பட்டுத்துணியை மடிப்பது, நடப்பது, வணங்குவது, விருந்தினராக உட்காருவது என்றுதான் பாடம் தொடங்கும். ஒரு தடவை விருந்தினராகத் தோட்டம் வழியே நடந்து போய்விட்டு வந்தவர்களுக்கு அந்த முதல் பாடங்கள் சீக்கிரம் பிடிபடும்.